தோற்றே தீர வேண்டிய ஆட்டம்

"மாப்ள, நாளைக்கு நாம தோக்கணும்" என்றார் மச்சான்.

கனிமவளத் துறை இயக்குநரின் அறை அது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடிக்க மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்திருந்தார்கள். எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்த நெட்டைக்கு விஷயம் சட்டென்று விளங்கவில்லை. அவன் துறையில் பாறை ஆய்வாளன். ஆளின் உயரத்தைப் பார்த்து யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அந்த உயரத்துக்காகவே, தொப்பை விழுந்த வயதில் அவனைப் பிடித்து கோல் போஸ்டில் நிறுத்திவிட்டார்கள். இயக்குநர் அவன் மனைவியின் அண்ணன். ஆபீசில் சார், வீட்டில் மச்சான். கதவைச் சாத்திவிட்டுப் பேசினால் ஆபீசிலும் மச்சான்தான்.

"எதுல தோக்கணும்?"

"ஃபுட்பால்லதான்யா. மத்த எல்லாத்துலயும்தான் ஏற்கெனவே தோத்தாச்சே!"

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அந்த மாகாணத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி இருந்ததெல்லாம் சாம்பல் நிறக் கல் ஒன்றுதான். ஆடுகூட மதிக்காமல் தாண்டிப் போகிற கல். உலகம் முழுக்க காரும் போனும் பேட்டரியில் ஓட ஆரம்பித்த பிறகு அந்தக் கல்லுக்கு யோகம் அடித்தது. அதற்குள் இருக்கும் ஏதோ ஒரு உப்பு இல்லாமல் பேட்டரி இல்லையாம். அதைத் தேடிக்கொண்டு பெரிய நாட்டுக்காரர்கள் வந்தார்கள். அந்த நாட்டுக்கு ஒரு பெயர் இருந்தாலும், பணக்காரப் பெரியப்பா வீட்டைச் சொல்வதுபோல 'பெரிய நாடு' என்றே எல்லாரும் சொன்னார்கள். வந்தவர்கள் முதலில் ரோடு போட்டார்கள். பிறகு ஒரு விளையாட்டு மைதானம் கட்டிக் கொடுத்தார்கள். அதன் திறப்பு விழாவில்தான் இந்த நட்புறவு ஆட்டம்: பெரிய நாட்டு என்ஜினியர்கள் ஒரு பக்கம், கனிமவளத் துறை இன்னொரு பக்கம். மறுநாள் காலையில் சுரங்க ஒப்பந்தத்தில் கையெழுத்து.

"மந்திரி தெளிவா சொல்லிட்டார். அந்தத் தூதுக்குழுத் தலைவியம்மா மனசு நோகவே கூடாதாம். கோவிச்சுக்கிட்டு வேற நாட்டுக் கல்லைப் பாக்கப் போயிட்டா, நாம இந்தக் கல்லைத் தலையணையா வச்சுப் படுக்க வேண்டியதுதான்" என்றார் மச்சான். "நீதான் கோலி. நீ நினைச்சா தோத்துடலாம். ஆனா பாக்க இயற்கையா இருக்கணும், என்ன?"

சாயங்காலம் நெட்டை விஷயத்தை வீட்டில் சொன்னபோது அவன் மனைவி அவனுடைய ஜெர்சியை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் அதே துறையில் சட்ட அதிகாரி. ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியும் அவள் எழுதியது. இருந்தாலும் அண்ணனுக்கு அவள் இன்னமும் பாப்பாதான். அவரைப் பார்த்து உறவுக்காரர்கள் அத்தனை பேரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். கோட் போட்ட வக்கீல்கள் முன்னாலேயே அவர் "பாப்பா, அந்த ஃபைலை எடு" என்பார்.

"தோக்கப் போற ஆளுக்கு எதுக்கு இஸ்திரி?" என்று சுவிட்சை அணைத்தாள் பாப்பா. "ஆலை வேணும்னு நான் போட்டிருந்த ஷரத்தை அவர்தான் அடிச்சார். இப்ப ஆட்டத்தையும் அடிக்கிறாரா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கல்லைத் தோண்டி அப்படியே லாரியில் ஏற்றிவிட்டால், உப்பைப் பிரிக்கிற வேலையும் அதில் வருகிற லாபமும் பெரிய நாட்டுக்குப் போய்விடும். இங்கே மிஞ்சுவது பள்ளம். அதனால் கல்லைச் சுத்திகரிக்கும் ஆலையை இங்கேயே கட்ட வேண்டும் என்று அவள் ஒரு ஷரத்து சேர்த்திருந்தாள். மச்சான் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, "வந்த விருந்தாளிகிட்டப் போய் பாத்திரம் கழுவிட்டுப் போங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு பாப்பா" என்றிருந்தார்.

மறுநாள் ஆட்டத்துக்கு முன்னால், லாரி ஷெட்டில் வைத்து நெட்டை தன் அணியிடம் மேலிடத்து உத்தரவைச் சொன்னான். எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள், ஒருவனைத் தவிர. அவன் கல் லாரி ஓட்டுகிறவன், அணியின் முன்கள ஆட்டக்காரன். லாரியையும் பந்தையும் ஒரே வேகத்தில் கொண்டுபோவதால் அவனுக்குப் புயல் என்று பெயர்.

"சார், நான் ஒத்துக்கறேன். என் காலு ஒத்துக்காதே!"

"காலுக்கு எடுத்துச் சொல்லு."

"அது வாய்ப்பேச்சைக் கேக்கற ஜாதி இல்ல சார்."

கடைசியில் புயலுக்கு வலக்கால் ஷூவை இடக்காலிலும் இடக்கால் ஷூவை வலக்காலிலும் மாட்டிவிட்டு மைதானத்துக்குக் கூட்டிப் போனார்கள்.

மைதானம் பளபளவென்று இருந்தது. நாற்காலிகளில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. உட்கார்ந்தவர்கள் அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வந்தது. மேடை நடுவில் மந்திரி. அவருக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த தலைவியம்மா. அந்தப் பக்கம் மச்சான். பாப்பா கீழ்வரிசையில். நடுவராக வந்தவர் ஒரு பி.டி. வாத்தியார். அவரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொன்னால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

விசில் ஊதியதும் நெட்டை குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். எதிரணி வந்து அடித்துவிட்டுப் போகட்டும் என்று நிதானமாகக் கட்டினான். நிமிர்ந்து பார்த்தால், பெரிய நாட்டுக்காரன் ஒருவன் காலி கோலுக்கு முன்னால் பந்தோடு நின்று யோசித்துக்கொண்டிருந்தான். பிறகு திரும்பி, பந்தைத் தன் பக்கமே உதைத்துவிட்டான்.

சரி, புது மைதானம், திசை தெரியவில்லை போலிருக்கிறது என்று நெட்டை நினைத்தான்.

பந்து மறுபடியும் வந்தது. இந்த முறை அது தானாகவே உருண்டு வந்தது, வாசலில் வந்து நிற்கும் பூனைபோல மெல்ல. நெட்டை ஒதுங்கி வழிவிட்டான். இன்னும் ஒரு முழம் போனால் கோல். எதிரணியின் கேப்டன் மூச்சிரைக்க ஓடி வந்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே பந்தை மடக்கி வெளியே தள்ளிவிட்டார்.

கூட்டம் குழம்பியது. "என்னய்யா, இவன் எந்த டீம்?" என்று ஒரு குரல் கேட்டது.

அந்தக் கேப்டன் பெரிய நாட்டின் தலைமை என்ஜினியர், தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளரும் அவரே. நம் பாஷையைப் பழைய புத்தகங்களிலிருந்து மட்டும் கற்றுக்கொண்டவர். டீக்கடையில் போய் "ஐயா, சற்றே இனிப்புக் குறைவாக ஒரு தேநீர் அருள்வீரா?" என்று கேட்பார். அதனால் எல்லாருக்கும் அவர் பண்டிதர்.

புயலிடம் பந்து வந்தபோது, ஷூ மாறியிருந்தும் அவன் கால் கோலை நோக்கித்தான் போயிற்று. அந்தப் பக்கத்து கோலி பந்தைக் கண்டதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நல்ல வேளை, ஷூ தடுக்கிப் புயல் விழுந்தான். மச்சான் மேடையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். சற்று நேரத்தில் நெட்டையின் ஆள் ஒருவன் வேண்டுமென்றே பந்தைக் கையால் தொட, வாத்தியார் பெனால்டி கொடுத்தார். நெட்டை ஒரு ஓரமாகச் சாய்ந்து நின்று முக்கால் வாசலைத் திறந்து வைத்தான். பண்டிதர் ஓடி வந்து உதைத்தார். பந்து மேடைக்குப் பறந்து, மந்திரிக்கு முன்னால் இருந்த பிஸ்கட் தட்டில் இறங்கியது.

கோல் எதுவும் விழாமல் பாதி ஆட்டம் முடிந்தது. "எல்லாரும் ஒழுங்கா ஆடுங்கடா! ஸ்கூல் பசங்க இதைவிட நல்லா ஆடுவாங்க!" என்று வாத்தியார் இரண்டு அணியையும் சேர்த்தே திட்டினார்.

மேடைக்குப் பின்னாலிருந்த குழாயடியில் நெட்டை முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பண்டிதர் வந்து நின்றார்.

"ஐயா, ஓர் ஐயம்."

"கேளுங்க."

"தாங்கள் ஏன் பந்தைக் கண்டதும் விலகி நிற்கிறீர்கள்?"

"அது... வெயிலு கண்ணுல அடிக்குது."

"வெயில் என் கண்ணில் அல்லவா அடித்தது?"

நெட்டை துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். "நீங்க ஏன் கோலை விட்டுட்டு பிஸ்கட் தட்டைக் குறி பாத்தீங்க?"

"காற்று."

"இலை அசையலையே சார்!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"மேலிடத்து ஆணையோ?" என்றார் பண்டிதர், குரலைத் தாழ்த்தி.

"ஆமா. உங்களுக்குமா?"

"ஆம். தோற்காமல் திரும்பினால் எங்கள் தலைவியார் முகத்தில் விழிக்க இயலாது."

அவ்வளவுதான். நெட்டை குழாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பண்டிதர் சுவரில் சாய்ந்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் போன பிறகுதான் நெட்டை திரும்பிப் பார்த்தான். பாப்பா தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள், ஆனால் சிரிக்கவில்லை. வழக்கில் ஓட்டை கண்டுபிடித்தால் அவள் முகம் எப்படி ஆகுமோ அப்படி ஆகியிருந்தது.

"ஏங்க, நம்மாளுங்க ஏன் தோக்கச் சொன்னாங்க?"

"அவங்க கோவிச்சுக்கக் கூடாதுன்னு."

"அப்ப அவங்க ஏன் தோக்கச் சொல்லணும்?"

நெட்டை யோசித்தான். "நாம கோவிச்சுக்கக் கூடாதுன்னா?"

"நாம கோவிச்சுக்கிட்டா அவங்களுக்கு என்ன போச்சு? வேற இடத்துல கல்லு கிடைச்சா நம்ம மூஞ்சியைப் பத்தி எதுக்குக் கவலைப்படணும்? நாம பயந்து சாகறோம், அவங்க நமக்கு மேல பயந்து சாகறாங்க. இது தெரியாம எங்கண்ணன் என் ஷரத்தைக் கிழிச்சுப் போட்டுட்டார்." அவள் பாட்டிலை அவன் கையில் திணித்தாள். "ஆனா இது என் யூகம்தான். யூகத்தை வச்சுக்கிட்டு மந்திரிகிட்டப் பேச முடியாது. நீங்க ஒண்ணு பண்ணுங்க. ஜெயிச்சுக் காட்டுங்க."

"என்னது?"

"ஜெயிங்க. அந்தம்மா மூஞ்சியை நான் பாக்கறேன். சுருங்குச்சுன்னா நான் சொன்னது தப்பு, நாளைக்கு வாயே திறக்க மாட்டேன். மலர்ந்துச்சுன்னா ஆலை நமக்கு."

"பாப்பா, உங்கண்ணன் என் சீட்டைக் கிழிச்சுடுவார்."

"கிழிக்கட்டும். நான் சம்பாதிக்கறேன், நீங்க வீட்டுல உக்காந்து சாப்பிடுங்க."

இதைவிட நல்ல வார்த்தையை நெட்டை கல்யாணம் ஆன நாளிலிருந்து கேட்டதில்லை. ஆனாலும் தோற்க வந்தவர்களைத் திருட்டுத்தனமாக ஜெயிக்க அவனுக்கு மனசு வரவில்லை. நேரே பண்டிதரிடம் போய், "நாங்க இனிமே நிஜமா ஆடப் போறோம் சார்" என்று சொல்லிவிட்டான்.

பண்டிதர் நிமிர்ந்தார். கல்லூரி நாட்களில் கோப்பை வாங்கியவர் அவர். முதல் பாதி முழுக்க அவர் கால் அழுதுகொண்டிருந்தது. "நாங்கள் தோற்க வேண்டும் என்பதே ஆணை. நன்றாக ஆடித் தோற்கலாகாது என்று எவரும் கூறவில்லை" என்றார். கை கொடுத்துவிட்டு ஓடினார்.

புயல் ஷூவை மாற்றிப் போட்டுக்கொண்டான்.

இரண்டாவது பாதியில் யாருக்கும் எதுவும் ஞாபகம் இல்லை. வியர்வையும் புழுதியுமாக ஒரே ரகளை. ஆரம்பத்திலேயே பண்டிதர் நாலு பேரைத் தாண்டி வந்து வைத்த உதையில் வலை கிழிந்தது. மந்திரி கையைத் தட்டினார். தலைவியம்மா கண்ணை மூடிக்கொண்டார். உடனே புயல் பதில் கோல் போட்டான். தலைவியம்மா கண்ணைத் திறந்தார். மந்திரியின் கை பாதித் தட்டலில் நின்றுவிட்டது. கூட்டம் நாற்காலியை விட்டு எழுந்து பிளாஸ்டிக் உறையைக் கிழித்து ஆட்ட ஆரம்பித்தது.

முடியப் போகிற நேரத்தில் புயல் உற்சாகம் தாங்காமல் நெட்டையின் கோல் வரை ஓடி வந்து ஒருவனை இடித்துத் தள்ளிவிட, வாத்தியார் பெனால்டிப் புள்ளியைக் காட்டினார். பண்டிதர் பந்தை வைத்துவிட்டு ஒருமுறை மேடையைப் பார்த்தார். தலைவியம்மா வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நெட்டையும் பார்த்தான். மச்சான் விட்டுவிடு விட்டுவிடு என்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பண்டிதர் பெருமூச்சு விட்டார். பிறகு முழு பலத்தோடு உதைத்தார்.

நெட்டை பாயவில்லை. பாய நேரமே இல்லை. பந்துதான் அவனைத் தேடி வந்து மூக்கில் மோதி, எகிறிப் போய் நடு மைதானத்தில் புயல் காலடியில் விழுந்தது. மல்லாந்து கிடந்த நெட்டைக்கு வானமும் ஒரு பறவையும்தான் தெரிந்தன. கூட்டம் போட்ட கூச்சலை வைத்துத்தான் கோல் விழுந்ததையே தெரிந்துகொண்டான். விசிலும் ஊதியாயிற்று. பாப்பா மைதானத்துக்குள் ஓடி வருவது தெரிந்தது. என்னதான் இருந்தாலும் பெண்டாட்டி பெண்டாட்டிதான் என்று அவனுக்குக் கண் கலங்கியது. அவள் அவனைத் தாண்டிப் போய், மேடை நன்றாகத் தெரிகிற இடத்தில் நின்றாள்.

"மலர்ந்துடுச்சுங்க!" என்று கத்தினாள்.

"என் மூக்கா?"

"அதுவும்தான். நான் அந்தம்மாவைச் சொல்றேன்!"

தலைவியம்மா எழுந்து நின்று இரண்டு கையாலும் மந்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக யாரும் பார்க்காத பல்வரிசை மொத்தமும் வெளியே வந்திருந்தது. மந்திரியின் முகத்தில் ஈயாடவில்லை. அரசியலில் பழம் தின்று கொட்டை போட்ட மனுஷனுக்கே, தோற்றவர் இவ்வளவு சந்தோஷப்படுவது ஏன் என்று பிடிபடவில்லை. பாப்பா மேடையேறி நாலே வாக்கியத்தில் அவருக்கு விளக்கினாள். அவர் தாடையைத் தடவினார். ஆலை என்றால் வேலை, வேலை என்றால் ஓட்டு. கணக்கு மனசுக்குள் ஓடியது.

"அந்த ஷரத்தைச் சேத்துடும்மா. அவங்க ஒத்துக்கிட்டா நான் சொல்லிச் சேத்தது. கோவிச்சுக்கிட்டா உங்கண்ணன் சேத்தது."

பக்கத்தில் நின்றிருந்த மச்சான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். சரசரவென்று சத்தம் வந்தது.

மறுநாள் காலை நீளமான மேசையின் இரு பக்கமும் எல்லாரும் உட்கார்ந்தார்கள். மூக்கில் பிளாஸ்திரி ஒட்டிய நெட்டை, கல்லைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்லக் கடைசி நாற்காலியில் இருந்தான். பாப்பா ஷரத்தை வாசித்தாள். தலைவியம்மா ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு ஏதோ சொன்னார்.

"எங்கள் தலைவியார் பெரிதும் வியப்பெய்தினார். கலந்தாலோசிக்க அவகாசம் கோருகிறார்" என்றார் பண்டிதர். முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. இன்று அவர் முழுக்க முழுக்க அந்தப் பக்கத்து ஆள்.

அவர்கள் பக்கத்து அறைக்குப் போனதும் மச்சான் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "போச்சு. எல்லாம் போச்சு. பாப்பா, அப்பா உன்னைச் சட்டம் படிக்க வச்சப்பவே நான் வேண்டாம்னேன்."

"ஃபீஸ் கட்டினது நீங்கதான் அண்ணே."

"அதான் சொல்றேன், என் தப்பு."

நெட்டை டீ எடுக்கப் போன இடத்தில் பண்டிதரும் கோப்பையோடு நின்றிருந்தார்.

"கோவமா சார் உள்ள?"

"அரசாங்க இரகசியம், ஐயா. வினவாதீர்." பண்டிதர் கொஞ்ச நேரம் டீயை ஊதினார். பிறகு சும்மா கேட்பதுபோல, "மேற்குச் சரிவில் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் உள்ளது?"

தொழில் பழக்கத்தில் நெட்டை ஆழம், சுவை, கோடையில் எவ்வளவு இறங்கும் என்பது வரை சொல்லி முடித்தான். பண்டிதர் நன்றி கூறிவிட்டு அவசரமாக உள்ளே போனார். அதன் பிறகுதான் நெட்டைக்கு உறைத்தது. தோண்டி எடுத்துக்கொண்டு போகிறவனுக்குத் தண்ணீர் எதற்கு? தண்ணீர் ஆலைக்கல்லவா வேண்டும்! கோப்பையை வைத்துவிட்டு ஓடினான்.

"பாப்பா, தண்ணி எங்க இருக்குன்னு கேக்கறாங்க!"

பாப்பா பேனாவைத் திறந்தாள். "அப்ப எந்த இடத்துல கட்டறதுங்கற வரைக்கும் போயாச்சு. இனிமே விட மாட்டேன்."

அவளும் விடவில்லை, தலைவியம்மாவும் சும்மா விடவில்லை. கல்லை உடைத்துக் கழுவும் ஆலை மட்டும் முதலில் கட்டுகிறோம், மற்றது பின்னர் பரிசீலிக்கப்படும் என்றார்கள். "பரிசீலிக்கப்படும்னா எங்க ஆபீஸ்ல என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியும். வருஷத்தைப் போடுங்க" என்றாள் பாப்பா. வருஷம் போட்டார்கள். முழுக் கல்லும் இங்கேதான் என்றாள், கால்வாசி என்றார்கள். சாப்பாட்டு நேரம் தாண்டி, மந்திரியின் வயிறு எல்லாருக்கும் கேட்கும்படி முறையிட்ட பிறகு, பாதி என்று முடிந்தது. பாதிக் கல் இங்கே சுத்தமாகும், பாதி அப்படியே லாரி ஏறும். தலைவியம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து வந்து பாப்பாவின் தோளைத் தட்டி ஒரு வார்த்தை சொன்னார். அதை மொழிபெயர்க்க முடியாது என்று பண்டிதர் மறுத்துவிட்டார். அது வசவா பாராட்டா என்றுகூடச் சொல்லவில்லை.

வெளியே நிருபர்கள் சூழ்ந்தார்கள். "இந்த ஆலை, நான் ஆரம்பத்துலேர்ந்தே வற்புறுத்தி வந்த விஷயம்" என்றார் மச்சான், கேமராவைப் பார்த்து. அண்ணன் பேசி முடித்து வந்ததும், பாப்பா அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் நெட்டை மூக்கில் ஐஸ் வைத்துக்கொண்டு சோபாவில் படுத்திருந்தான். பாப்பா கூடத்தில் நடந்துகொண்டே இருந்தாள். முக்கால்வாசிக்குப் பிடிவாதமாக நின்றிருந்தால் கிடைத்திருக்கும் என்று மதியத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் பண்டிதர், கையில் ஒரு களிம்புக் குப்பியோடு.

"தங்கள் மூக்கின் நலன் விசாரிக்க வந்தேன்."

"வாங்க சார், உக்காருங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? அந்தப் பெனால்டிக்காகத் திட்டு விழுந்துதா?"

"ஆலை கட்டி முடியும்வரை என்னை இங்கேயே இருக்கப் பணித்துவிட்டார்கள். தண்டனையா பரிசா என்று வினவினேன். தலைவியார் விடையளிக்கவில்லை." அவர் களிம்பை மேசையில் வைத்தார். தயங்கினார். "குடும்பத்தையும் வரவழைக்க வேண்டும். இப்பகுதியில் வாடகைக்கு வீடு ஏதேனும் கிட்டுமா?"

பாப்பாவின் நடை நின்றது.

"எங்க மாடி காலியாத்தான் இருக்கு" என்றாள் அவள், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டு. "பேசலாமே."

பண்டிதர் பாவம், மலர்ந்த முகத்தோடு தலையாட்டினார். இது சீக்கிரம் முடிகிற பேச்சில்லை என்று நெட்டைக்குத் தெரியும். ஐஸ் பையை ஓரமாக வைத்துவிட்டு, மூன்று பேருக்கும் டீ போட உள்ளே போனான்.